காடு என்று நீங்கள் சொன்னது எதை?

என் 'ஏங்க'வுக்கு,

இத்தனை வருடமும் உங்களை அழைத்த ஒரே பெயர் அதுதான். நீங்கள் வெளியூரில் இருந்தபோது கடிதம் எழுத நேர்ந்தால், மேலே ஒன்றும் எழுதாமல் நேராக அரிசி, விளக்கெண்ணெய் என்று தொடங்கிவிடுவேன். இன்று நாலு பேர் படிக்க எழுதுவதால் ஏதாவது போட வேண்டியிருக்கிறது. உங்கள் நினைவாக ஒரு மலர் கொண்டுவருகிறோம், டீச்சரும் எழுத வேண்டும் என்று பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலைக்காரர்கள் வந்து கேட்டார்கள். மற்றவர்கள் உங்கள் நல்ல குணங்களை எழுதியிருக்கிறார்கள். எனக்கு உங்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது.

முதலில் செய்தி. சண்டை முடிந்துவிட்டது. நீங்கள் இருந்து கேட்டிருக்க வேண்டியது. ஜப்பான்காரன் போய்ப் பழையவன் திரும்ப வந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் நிப்பொங்கோ பாஷை போய் மறுபடி இங்கிலீஷ். தோக்கியோ இருக்கும் திசை பார்த்துப் பிள்ளைகளைக் குனியச் சொன்ன மைதானத்தில் இப்போது அவர்கள் பந்து விளையாடுகிறார்கள். செந்தூல் ரயில் பட்டறைப் பக்கம் குண்டு விழுந்தபோது நம் முன்ஜன்னல் கண்ணாடி உடைந்தது. இன்னும் அட்டைதான் வைத்து அடைத்திருக்கிறேன். பின்கட்டு மரவள்ளியைப் பிடுங்கி எறிந்தாயிற்று. அங்கே வேறு எதையும் நடவில்லை. கொஞ்ச நாள் வெறும் மண்ணைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நீங்களும் இன்னும் இங்கேதான் இருக்கிறீர்கள். பின்கட்டு அறையில், உங்கள் சர்வே சங்கிலிக்குப் பக்கத்தில், மண்பானையில், வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி. சாம்பலைக் கடலில் கரைப்பதுதான் முறை என்றார்கள். அப்போது கிள்ளான் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாம் கரைப் பக்கம் பட்டாளம் யாரையும் விடவில்லை. இப்போது விடுகிறார்கள். நான் போகவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லம்மா, அதுதான் நம் ரயில்வே பிட்டரின் மனைவி, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"என்ன டீச்சர், பானைய இன்னும் வச்சிக்கிட்டே இருக்கீங்க? மனுஷன் என்ன ஊறுகாயா?"

"நேரம் வரட்டும் செல்லம்மா."

"நேரம் எங்க வரும்? நாமதான் லோரி ஏறிப் போகணும். கிள்ளான் என்ன சீமையிலயா இருக்கு?"

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரைத்துவிட்டால் உங்களை முழுவதுமாக விட்டாயிற்று என்று ஆகிவிடும். நீங்கள் முழுவதுமாக என்னிடம் இருந்தது இந்தப் பானையில் வந்த பிறகுதானே?

மலரைப் படிப்பவர்கள் என்னைத் தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள் காட்டைப் பிடிக்காது. ஒரு தடவைகூடப் பார்க்காமல் பிடிக்காது என்று சொல்வது மதராஸில் பாட்டனி படித்தவளுக்கு அழகா என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தவளைவிடப் பார்க்காதவள் மேல்தான் ஒரு மனைவிக்குக் கோபம் அதிகம் வரும். இது பாட்டனியில் வராது.

அதற்குச் சர்க்கார் 'நேஷனல் பார்க்' என்று பெயர் வைத்தபோது நான் கேலி செய்தேனே, நினைவிருக்கிறதா? பார்க் என்றால் மதராஸில் பெஞ்சு இருக்கும், பேண்டு வாசிப்பார்கள், மாலையில் சுண்டல் விற்பான். பகாங் மலைக்கு அப்பால் ஆள் நடக்க வழியில்லாத இடத்துக்குப் பார்க் என்று பெயரா என்றேன். "எல்லையக் கல்லு போட்டுக் காட்டுறது யாரு? நான்தானே? அப்ப அது என் பார்க்குதான்" என்றீர்கள். வருடத்தில் பாதி அங்கே. மீதிப் பாதி இங்கே, அதுவும் உடம்பு மட்டும்.

நீங்கள் திரும்பி வரும் நாள் எனக்குத் தெரியும். காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. சட்டையில் ஈரமரத்தின் வாசனை. குளித்துச் சாப்பிட உட்கார்ந்ததும் தொடங்குவீர்கள். தஹான் ஆற்றின் இரண்டு கரையிலும் நிற்கும் நேராம் மரங்கள் தண்ணீருக்கு மேல் சாய்ந்து சாய்ந்து, நடுவில் கிளையோடு கிளை கோத்துக்கொள்ளும். அதற்கடியில் படகு போனால் பட்டப்பகலில் பச்சை இருட்டு. தண்ணீர் தேயிலைச் சாயம், ஆனால் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். கெலா மீன் செதிலில் வெயில் படுவது தெரியும். எல்லா மரத்துக்கும் மேலே துவாலாங் மரம் ஒன்று வெளுத்த காலோடு எழுந்து நிற்கும்; அதன் கிளைகளில் தேன்கூடுகள் கறுப்புப் பாய் தொங்கவிட்டது போல. சோறு ஆறிவிடும். நான் குழம்பு ஊற்றிக்கொண்டே, இந்த மனிதர் என்னைப் பற்றி யாரிடமாவது இப்படிப் பேசியிருப்பாரா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

தெனுக் கதை உங்களுக்கு ரொம்பப் பிடித்தது. பன்றியும் இல்லாமல் யானையும் இல்லாமல் ஒரு பிராணி. முன்பக்கம் கறுப்பு, முதுகிலிருந்து பின்னால் வெள்ளை வேட்டி சுற்றியது போல. அது உப்பு மண் நக்க வரும் பள்ளத்துக்கு எதிரே பரண் கட்டி, நாள் கணக்கில் இருமாமல், புகை பிடிக்காமல் காத்திருந்தீர்கள். அது வந்து, நக்கி, தலையைக்கூடத் தூக்காமல் போய்விட்டது. அதில் உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த வீட்டில் காப்பி இறங்க அஞ்சு நிமிஷம் ஆனால் சமையலறை வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமும் ஆள் நீங்கள்.

குவாங் என்று ஒரு பறவை சொல்வீர்கள், மயிலுக்குத் தூரத்துச் சொந்தம். சேவல் காட்டுக்குள் ஓர் இடத்தைத் தேர்ந்து, ஒரு சருகு விடாமல் ஒதுக்கி, வாசல் பெருக்கியது போல் வைத்து, அங்கே நின்று பெட்டையைக் கூப்பிடும். "நம்ம வாசலு கூட இவ்வளவு சுத்தமா இல்ல ஈஸ்வரி" என்றீர்கள். ஏங்க, அந்தச் சேவலிடம் கற்றுக்கொண்டு நீங்கள் ஒரு நாளாவது விளக்குமாற்றைத் தொட்டதுண்டா?

இருவாச்சியைப் பற்றியும் சொன்னீர்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் மண்ணால் பொந்தின் வாயை அடைத்துக்கொள்ளும். ஆண் வெளியே பறந்து பறந்து பழம் கொண்டுவந்து சின்ன இடுக்கு வழியாக ஊட்டும். "என்ன விசுவாசம் பாரு" என்று உருகினீர்கள். பொந்துக்குள் அடைந்து கிடப்பவள் அவள், ஊர் சுற்றுகிறவர் அவர் என்று சொன்னேன். நீங்கள் மோர் கேட்டீர்கள்.

வரும்போது எனக்காகப் பையில் விதைகள் கொண்டு வருவீர்கள். இரண்டு நீண்ட இறக்கையோடு, மேலே எறிந்தால் சுற்றிச் சுற்றி இறங்குமே, அந்தப் பெருமரத்து விதைகள். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த உதவும் என்பீர்கள். அந்த ஜாதி விதை மரத்தடியில் விழுந்த கையோடு முளைக்க வேண்டும். பையில் பயணம் செய்தால் செத்துப்போகும். "இது முளைக்காது" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கொண்டு வந்தீர்கள். எல்லாம் என் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கின்றன.

ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டீர்கள். "இந்த லீவுக்கு நீயும் வரியா ஈஸ்வரி?" என்று, சாப்பாட்டு இலையைப் பார்த்துக்கொண்டே. "ஐயோ, வேண்டாங்க" என்றேன். நம்மில் யாராவது எதையாவது கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வோம். இன்னொரு தடவை கேட்டால் வாங்கிக்கொள்வோம். ஒரு வாய்க் காப்பிக்கே அப்படித்தான். காட்டுக்கு எப்படி எடுத்த எடுப்பில் சரி என்பேன்? நீங்கள் தலையாட்டிவிட்டு எழுந்து கை கழுவப் போனீர்கள். அந்த லீவு முழுவதும், அடுத்த லீவுக்கும், இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தேன். எந்தக் கோட்டையும் இரண்டு தடவை அளந்து பார்க்காமல் விடாத சர்வேயர் நீங்கள். என்னை மட்டும் ஒரு தடவை கேட்டு முடித்துவிட்டீர்கள்.

அப்புறம் சண்டை வந்தது. காட்டை அளந்தவரை மரவள்ளிப் பாத்தி அளக்க வைத்தான் ஜப்பான்காரன். மூன்றாவது கொல்லைக்கும் நாலாவது கொல்லைக்கும் நடுவே சங்கிலியைப் போட்டுவிட்டு, கிழக்கே நீலமாகத் தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களாம். செல்லம்மா புருஷன் வந்து சொன்னார். ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன்: எனக்கு அப்போது உள்ளூரத் திருப்தியாக இருந்தது. ஊரே பயந்து செத்துக்கொண்டிருந்த வருடங்களில், என் புருஷன் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

திருப்தி நிலைக்கவில்லை. காடு உங்களை அனுப்பும்போதெல்லாம் தன்னில் கொஞ்சத்தை உங்கள் ரத்தத்தில் வைத்தே அனுப்பியிருந்தது. முன்பெல்லாம் கொய்னா மருந்து கொடுத்தால் அந்த மலேரியாக் காய்ச்சல் அடங்கும். இந்த முறை கொய்னா எங்கேயும் கிடைக்கவில்லை. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்த ஒரு மத்தியானம், கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்து, "ஈஸ்வரி, என்னைக் காட்டுல விட்டுடு" என்றீர்கள்.

"என்ன பேச்சு இது. கஞ்சி குடிங்க" என்றேன்.

சுடுகாட்டைச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். வேறு எதை நினைப்பேன்? நம் வீடுகளில் படுக்கையில் கிடப்பவர் காடு என்று சொன்னால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். நீங்கள் இன்னொரு தடவை சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஊர் கூடி உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனார்கள். கேட்டபடி காட்டில் விட்டாயிற்று என்று போன வாரம் வரை நிம்மதியாக இருந்தேன்.

போன வாரம் வாசலில் ஒருவர் வந்து நின்றார். நரைத்த தாடி, கைலி, கையில் தேன் நிரப்பிய போத்தல்.

"சர்வேயர் ஐயா வீடுதானேம்மா? நான் காதர். கோலா தெம்பெலிங்ல மளிகைக் கடை. ஐயா சொல்லியிருப்பாங்களே?"

நீங்கள் 'பாய்' என்று மட்டும் சொல்வீர்கள். உங்கள் முகாமுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுவரும் படகுக்காரர். கடைக்குச் சரக்கு எடுக்கக் கோலாலம்பூர் வந்தவர், அப்படியே உங்களைப் பார்த்துப் போக வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். போத்தலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அதுகூடப் பொறுக்கவில்லை. நான் அழுததைவிட அதிகமாக அழ இவர் யார்?

காப்பி கொடுத்தேன். வேண்டாம் என்றார்; இன்னொரு தடவை சொன்னதும் குடித்தார். பிறகு காட்டைப் பற்றிச் சொன்னார். நீங்கள் தங்கும் விடுதிக் கூரை விழுந்துவிட்டதாம். வாழைத் தோட்டத்தை யானைக் கூட்டம் வந்து ஒரே நாளில் முடித்துவிட்டதாம். சண்டைக் காலத்தில் காட்டுக்குள் ஒளிந்தவர்கள், அவர்களைத் தேடி வந்தவர்கள் என்று எல்லார் துப்பாக்கிக்கும் செலாடாங் என்னும் காட்டெருதுகள் இரையாயின. இப்போது ஆற்று மணலில் அவற்றின் குளம்படி தெரிவதே அபூர்வமாம்.

"அவர் வெட்டின பாதையெல்லாம்?" என்று கேட்டேன்.

"பாதையா? எல்லாம் மூடிப்போச்சும்மா. நானே தேடிப் பார்த்தேன், எங்க இருந்துச்சுன்னு தெரியல. எல்லைக் கல்லு மேல எல்லாம் ரோத்தான் பெரம்புக் கொடி."

என்னை மன்னியுங்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மழைக்காலம் நீங்கள் போகவில்லை, உங்கள் காடு உங்கள் கால்தடம் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அழித்துவிட்டது. என் வீட்டில் உங்கள் செருப்பு இன்னும் கழற்றிய இடத்தில்தான் இருக்கிறது. யாருக்கு உங்கள் மேல் ஆசை அதிகம் என்று இப்போதாவது தெரிகிறதா?

"ஐயாவ எங்கம்மா அடக்கினீங்க?" என்று பாய் கேட்டார்.

"எரிச்சிட்டோம் பாய். சாம்பல் இன்னும் வீட்லதான் இருக்கு."

அவர் முகம் தெளிந்தது. "நல்லதாப் போச்சு! எங்கிட்ட குடுங்கம்மா, நான் கொண்டு போறேன். ஐயா சொல்லியிருக்காங்க."

"என்ன சொன்னாரு? அவரு சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

"படகுல போய்க்கிட்டிருக்கோம். 'பாய், நான் போயிட்டா என்னைக் காட்டுல விட்டுடச் சொல்லணும்'னாங்க."

அதே வார்த்தை. ஆனாலும் விடவில்லை.

"எந்தக் காடு பாய்?"

"எந்தக் காடா? காடுன்னா காடுதாம்மா. மரம், யானை, அட்டை."

"எங்காளுங்க சுடுகாட்டையும் காடுன்னுதான் சொல்லுவோம்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "இது எனக்குத் தெரியாதே! எங்கள்ல மையத்தாங்கொல்லைம்போம். ஒருத்தர் காட்டுக்குப் போறேன்னா யாரும் அழ மாட்டோம்மா, வெறகு கொண்டா வான்னுதான் சொல்லுவோம்."

"சிரிச்சுக்கிட்டு சொன்னாரா, வருத்தமாவா?"

"சிரிச்சுக்கிட்டுதான். ஐயா எதத்தான் சிரிக்காம சொல்லியிருக்காங்க?"

அந்த ஐயாவை எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நீங்கள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்ன ஒன்று நினைவுக்கு வரவில்லை. எத்தனை சிரிப்பை அங்கே கொண்டுபோய்க் கொட்டினீர்கள்?

பானையைக் கொடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் லோரி கெளம்புதும்மா. அதுக்குள்ள யோசிச்சு சொல்லுங்க. வற்புறுத்தல" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் செல்லம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"குடுத்துடாதீங்க டீச்சர். கடல்ல கரைக்காம காட்டுல விட்டா, ஆவி அங்கயே சுத்திக்கிட்டு இருக்கும்லா."

"இருந்தப்பவும் அங்கதான் சுத்திக்கிட்டு இருந்தாரு."

செல்லம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை.

ஆவியை நான் நம்புவதில்லை. சாம்பல் என்பது சுண்ணாம்பும் இன்ன பிறவும். எந்தத் தண்ணீரில் போட்டாலும் தண்ணீருக்குத்தான் வித்தியாசம். பிறகு ஏன் இந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை? உங்கள் வரைபடத்தை எடுத்து விரித்தேன். தஹான் போய் தெம்பெலிங்கில் விழுகிறது, தெம்பெலிங் போய்ப் பகாங் ஆறாகிறது, அது கிழக்குக் கடலுக்குப் போகிறது. நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கிள்ளான் ஆறு மேற்கே போகிறது. நடுவில் மலை. அங்கே விட்டால் உங்களில் ஒரு சொட்டுகூட என் பக்கம் வராது.

வார்த்தையையும் பிரித்துப் பார்த்தேன், கணக்கு வாத்தியார் விடையைச் சரிபார்ப்பது போல. 'விட்டுடு' என்றீர்கள். சுடுகாட்டில் ஒருவரை எரிப்பார்கள், புதைப்பார்கள். அங்கே யாரையும் விடுவதாக நான் கேட்டதில்லை. கூண்டைத் திறந்து பறவையை விடுவார்கள். தூண்டிலிலிருந்து கழற்றி மீனை ஆற்றில் விடுவார்கள். அப்படியென்றால் நான் உங்களைப் பிடித்து வைத்திருந்தேனா? அல்லது காய்ச்சலில் வாய் போன போக்கில் வந்த சொல்லை வைத்துக்கொண்டு நான்தான் இல்லாததைப் பிடித்துத் தொங்குகிறேனா? கேட்டால் சொல்லுகிற ஆள் இல்லை. இருந்தபோதும் நீங்கள் இதற்கெல்லாம் பதில் சொல்லுகிற ஆள் இல்லை.

நேற்றுப் பாய் தங்கியிருக்கும் துணிக்கடைக்குப் போனேன். பானை இல்லாமல் வந்த என்னைப் பார்த்து அவர் முகம் வாடியது.

"குடுக்க மனசு வரலையாம்மா?"

"வரல பாய். வேற ஆள் கையில குடுக்க முடியாது. நானும் லோரியில வரேன்."

"நீங்களா?" அவர் என் புடவையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "ஜெராண்டுட் பக்கம் தண்டவாளத்தையே ஜப்பான்காரன் பேத்துக் கொண்டு போயிட்டான்மா. ரோடும் சரியில்ல. அப்புறம் படகு. அட்டை கடிக்கும்."

"கடிக்கட்டும். அவர் காலைத்தான் கடிக்கணும்னு சட்டமா?"

ஆக, வருகிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில், யாரும் இரண்டாம் தடவை கூப்பிடாமலேயே. ஒன்றை மட்டும் வாக்காகக் கொடுக்கிறேன்: பானையைக் கையோடு கொண்டு வருவேன், ஆனால் வந்த உடனே ஒப்படைத்துவிட மாட்டேன். பெண் பார்க்கப் போகிறவர்கள் போல வந்து உட்காருவேன். நடக்கச் சொல்லிப் பார்ப்பேன், பாடச் சொல்லிக் கேட்பேன். ஆளில்லாத நேரத்தில் எப்படி இருக்கிறாள், மழை பெய்தால் குணம் மாறுகிறாளா, எல்லாவற்றையும் விசாரிப்பேன். நீங்கள் சொன்ன வர்ணனை எதுவும் செல்லாது. நீங்கள் சம்பந்தப்பட்ட கட்சி. உங்களுக்குத் தகுந்தவள்தான் என்று என் கண்ணுக்குத் தோன்றினால், நானே துணியை அவிழ்த்து, நானே விடுவேன். தோன்றாவிட்டால் பேசாமல் தூக்கிக்கொண்டு வந்து கிள்ளான் கடலில் கரைத்துவிடுவேன். அதற்கப்புறம் நீங்கள் எந்தப் பாயிடமும் முறையிட முடியாது.

நான் எதையும் சுலபத்தில் ஒப்புக்கொள்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாள் ஆகலாம். பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பாகத்தான் கேட்டிருக்கிறேன்.

உங்கள் மூத்த தாரம்,
ஈஸ்வரி